அந்தச் சுருளில் இருக்கிறது ஆர்?



போன எபிசோட் முடியிற நேரத்தில் நான் சும்மா ஒரு வசனம் சொன்னேன்: "சனிக்கிழமை இரவு வீட்டில 16 மி.மீ. ப்ரொஜெக்டரில் படம் பார்த்தம்." அதற்கு வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பழைய டொக்கியுமென்டரிக்கு எண்பது டொலர் குடுத்துத் தகரப் பெட்டி ஏன் வாங்கினீங்கள் அண்ணா?

நியாயமான கேள்வி. என் மனைவியும் அதைத்தான் கேட்டா. மைக்குக்கு முன்னால் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். முடிவில் என் கருத்து ஒன்றும் இருக்கிறது. என்னைப் போலப் படச்சுருள் சேர்க்கிறவர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

முதலில் அந்தப் படம். பெயர் 'நஹானி'. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1962இல் வெளியிட்டது, இயக்கியவர் டொனால்ட் வைல்டர். இருபது நிமிடத்துக்கும் குறைவான படம். ஆல்பர்ட் ஃபெய்லி என்ற வயதான மனிதர் ஒரு படகில் தனியாக ஏறி, வடமேற்குப் பிரதேசத்தில் ஓடும் நஹானி ஆற்றை எதிர்த்து மேலே போகிறார். எங்கோ ஒளிந்திருக்கிறது என்று ஊரெல்லாம் பேசும் தங்கத்தைத் தேடிப் போகிறார். முன்னரும் பல தடவை போய் வெறுங்கையோடு திரும்பியவர். வழியில் வெர்ஜீனியா நீர்வீழ்ச்சி வருகிறது. 96 மீற்றர் உயரம், நயாகராவின் இருமடங்குக்குக் கிட்ட. அந்த இடத்தைச் சுற்றிச் சாமான்களை முதுகில் சுமந்துகொண்டு நடக்கிறார். கதை அவ்வளவுதான். நான் அதைக் குறைந்தது பன்னிரண்டு தடவை பார்த்திருப்பேன்.

இந்த மாதிரிப் படங்களுக்கு ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. வெளிநாட்டுப் பயணங்களைப் படம் காட்டிக் கதை சொல்லுவதைத் தொழிலாகவே செய்த பேர்ட்டன் ஹோம்ஸ் என்ற அமெரிக்கர்தான் 'ட்ராவலொக்' என்ற சொல்லை 1904ஆம் ஆண்டளவில் பிரபலமாக்கினார். 1923இல் கொடாக் 16 மி.மீ. ஃபிலிமைக் கொண்டுவந்தது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிம் போல இல்லாமல் ஆரம்பத்திலிருந்தே பாதுகாப்பான ஃபிலிம். அதற்குப் பிறகு வசதியும் துணிச்சலும் இருந்தவர்கள் சின்னக் கமெராவைத் தூக்கிக்கொண்டு அலாஸ்காவுக்கும் யூகொனுக்கும் லப்ரடோருக்கும் போனார்கள். திரும்பி வந்து தேவாலய மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் திரை கட்டிப் படத்தை ஓட்டினார்கள். பலருடைய படங்களில் ஒலியே இல்லை. எடுத்தவரே திரைக்குப் பக்கத்தில் நின்று, "இப்ப வாறது ஒரு கரடி" என்று நேரில் சொல்லுவார்.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள். திரும்ப வருவேன்.

சரி, ஏன் சுருளாக வாங்க வேண்டும்? ஒரு ப்ரோக்ராமராகச் சொன்னால், இதைவிட நேர்மையான ஒரு ஃபைல் ஃபோர்மட்டை நான் பார்த்ததில்லை. 16 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 40 ஃப்ரேம். ஒலிப்பட வேகத்தில், அதாவது விநாடிக்கு 24 ஃப்ரேமில் ஓட்டினால் 400 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம் வரும். இதைத் திறக்க எந்தக் கோடெக்கும் வேண்டாம், லொகின் வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம். ப்ரொஜெக்டர் உடைந்துபோனாலும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு படமாகப் பார்க்கலாம். என் வீட்டு லாச்சியில் பத்து வருஷத்துக்கு முந்திய ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. கணினியில் செருகினால் டிக் டிக் என்கிறது, வேறு ஒன்றும் இல்லை. அதற்குப் பக்கத்து அலமாரியில் அறுபது வருஷப் பழைய சுருள் சும்மா ஓடுகிறது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேகரிப்பவர்கள் ஆளை ஆள் அடிபட்டுக்கொள்ளும் விஷயம் அதுதான். 1935இல் வந்த கொடாக்ரோமில் சாயங்கள் ஃபிலிமுக்குள்ளேயே இருக்காது. கழுவும்போதுதான் ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். மிகச் சிக்கலான வேலை. கான்சஸ் மாநிலத்தில் இருந்த உலகின் கடைசிக் கொடாக்ரோம் லாப் 2010 முடிவோடு அதை நிறுத்தியது. ஆனால் இருட்டில் பத்திரமாக வைத்த கொடாக்ரோம் எண்பது வருஷத்துக்குப் பிறகும் நேற்று எடுத்தது போல இருக்கும். 1950இல் வந்த ஈஸ்ட்மன்கலர் அப்படி இல்லை. அதன் பழைய பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடும், மிச்சம் இருப்பது ஒரு ரோஸ் கலர் உலகம். வானமும் ரோஸ், பனியும் ரோஸ். என்னுடைய 'நஹானி' பிரதி பாதி வழியில் நிற்கிறது. ஆறு இப்போது வெல்லம் போட்ட தேத்தண்ணி மாதிரி ஓடுகிறது.

பிறகு மணம். அசிட்டேட் ஃபிலிம் பழுதாகும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும். மூடியைத் திறந்தால் வினாகிரி மணக்கும். தொடங்கிவிட்டால் அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். குளிரில் வைத்தால் வேகம் குறையும், நிறுத்த முடியாது. ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்து பார்ப்பதில் ஒரு பதற்றம் இருக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் அது கிடைக்காது.

இவ்வளவும் நாங்கள், சேகரிப்பவர்கள், வெளியில் சொல்லும் காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. அந்தப் படங்களில் ஆட்களே இல்லை.

நான் கொன்ட்ராக்ட் வேலைக்காரன். ஆறு மாதம் ஒரு இடம், எட்டு மாதம் இன்னொரு இடம். காலையில் நெடுஞ்சாலை 401இல் ஊர்ந்து போய், நாள் முழுக்க மீட்டிங்கில் இருந்து, இரவு பத்து மணிக்கும் ஃபோனில் மெசேஜ் பார்க்கிறவன். அப்படிப்பட்ட ஒருவனுக்கு ஒரு ஆறு, ஒரு படகு, சுற்றிவர நூறு மைலுக்கு ஒருத்தரும் இல்லை என்றால் எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்த சேகரிப்பவர்கள் அநேகமாக எல்லோரும் இதே ஏக்கத்தோடுதான் வாங்குகிறார்கள். விற்பனைக் குறிப்புகளில் அதிகம் வரும் சொற்கள் 'தீண்டப்படாத', 'வெறுமையான', 'கடைசி'. நானும் அந்தச் சொற்களுக்குத்தான் காசு குடுத்தேன்.

இனி விஷயத்துக்கு வருவம்.

போன வருஷம் ஒன்ராறியோவில் ஒரு சின்ன டவுனில், ஒரு வயோதிபர் இறந்தபிறகு வீட்டுச் சாமான்களை விற்றார்கள். அங்கே ஒரு பெட்டி. உள்ளே நான்கு சுருள், ஒலி இல்லாத கொடாக்ரோம். மூடியில் பென்சிலால் 'வடக்கு, 3' என்று மட்டும் எழுதியிருந்தது. ஒன்று, இரண்டு எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. கொடாக் ஃபிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்ன அடையாளங்கள் இருக்கும். அவை ஃபிலிம் தயாரித்த ஆண்டைக் காட்டும் குறியீடு. ஒரே அடையாளம் இருபது வருஷத்துக்கு ஒருதரம் திரும்ப வரும் என்பதால் படத்துக்குள் இருக்கும் பொருட்களையும் பார்த்துத்தான் முடிவுக்கு வரலாம். படகின் மோட்டரையும் ஆட்களின் உடுப்பையும் பார்த்து, ஐம்பதுகளின் நடுப்பகுதி என்று கணக்குப் போட்டேன்.

அருமையான சுருள். மலை, ஆறு, மூடுபனி, கரையில் ஒரு மூஸ். மூன்றாவது சுருளில் மட்டும் 48 விநாடிக்கு ஆட்கள் வருகிறார்கள். ஒரு ஆற்றங்கரை. மரச் சட்டத்தில் மீன் காய்கிறது. ஒரு பெண் குந்தியிருந்து வலை பின்னுகிறாள். பக்கத்தில் ஒரு சிறுமி. நாலைந்து வயது இருக்கும். முதலில் கமெராவைப் பார்க்கிறாள், பிறகு தாயைப் பார்க்கிறாள், பிறகு கமெராவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்து மறுபடியும் மலை.

இயற்கைக் காட்சித் துணுக்குகளை வாங்கி விற்கும் ஒருவர் என் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார். நாலு சுருளுக்கும் நல்ல விலை சொன்னார், நான் குடுத்ததைவிடப் பல மடங்கு. ஒரே ஒரு நிபந்தனை. ஆட்கள் வரும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுத் தர வேண்டும். அவருக்குச் 'சுத்தமான' காடு வேண்டுமாம். நான் கணக்குப் பார்த்தேன்: 48 விநாடி என்றால் 29 அடி. இரண்டு வெட்டு, ஒரு ஒட்டு. ஐந்து நிமிட வேலை. உண்மையைச் சொல்லுறன், நான் ஓம் என்று சொல்லுற நிலையில்தான் இருந்தேன். அந்த மாதம் கொன்ட்ராக்ட் முடிந்து அடுத்தது வரவில்லை.

வெட்டுகிறதுக்கு முதல் ஒருதரம் ஓட்டிப் பார்ப்பம் என்று ப்ரொஜெக்டரைப் போட்டேன். அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். அவர் வடமராட்சியில் கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். மலைகள் வரும்போது ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தார். அந்த 48 விநாடி வந்ததும் நிமிர்ந்தார்.

"உதென்ன, மீன் காயப் போட்டிருக்கினமோ?"

"ஓம் அப்பா."

"ஆர் இந்தப் பெட்டை? எந்த ஊர்?"

"தெரியாது அப்பா. வடக்குப் பக்கம் எங்கையோ."

"வடக்கெண்டா? ஊருக்கு ஒரு பேர் இருக்குமெல்லோ. உந்தப் பிள்ளைக்கு இப்ப எழுபது எழுபத்தைஞ்சு வயசிருக்கும். இருக்குதோ தெரியாது."

எங்களுக்கு நல்லாகத் தெரிந்த கேள்விதான். ஸ்காபரோவில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் உங்களை நிற்க வைத்து, "நீர் ஆற்ற மகன்? எந்த ஊர்?" என்று கேட்பார்கள். சின்ன வயதில் எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. ஆனால் மூன்று மாதமாக நான் அந்தச் சுருளை வைத்திருந்தேன். நீளம் அளந்தேன், நிறம் சரிபார்த்தேன், ஓரக் குறியீட்டைப் படித்தேன், வினாகிரி மணக்கிறதா என்று மூக்கை வைத்துப் பார்த்தேன். அந்தச் சிறுமி யார் என்று ஒருதரமும் என்னிடம் நானே கேட்கவில்லை. அப்பா பத்து விநாடியில் கேட்டுவிட்டார்.

அன்றைக்குப் பிறகுதான் இந்தப் படங்களின் வெறுமை எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை, 1922இல் வந்த 'நானூக் ஒஃப் த நோர்த்'. ரொபேர்ட் ஃப்ளகர்ட்டி கியூபெக்கின் வடக்கே, இன்று இனுக்ஜுவாக் என்று அழைக்கப்படும் இடத்தில் எடுத்தது. அவர் இதற்கு முதல் எடுத்த படத்தின் நெகட்டிவ், ஏறத்தாழ 30,000 அடி, 1916இல் எங்கட ரொறன்ரோவில் ஒரு சிகரெட் நெருப்பில் எரிந்து போனது. திரும்பப் போய் எடுத்த படம்தான் உலகம் முழுக்க ஓடியது. அதில் 'நானூக்'காக வருபவரின் பெயர் நானூக் இல்லை. அவர் அல்லகாரியல்லாக். படத்துக்குள் பனிவீட்டில் வெளிச்சம் போதாது என்று பாதி வெட்டிய வீடு ஒன்றைக் கட்டினார்கள். துவக்கு வைத்திருந்த மக்களை ஈட்டியோடு வேட்டைக்குப் போகச் சொன்னார்கள். கமெரா வேலையிலும் ஃபிலிம் கழுவும் வேலையிலும் ஃப்ளகர்ட்டிக்கு உதவியவர்களும் அந்த ஊர் இனுயிட் மக்கள்தான். அவர்களைத் திரையில் தேடினால் கிடைக்காது.

கதை அதோடு முடியவில்லை. அந்தப் படத்தில் நானூக்கின் மனைவியாக வரும் பெண்ணுக்கும் ஃப்ளகர்ட்டிக்கும் ஒரு மகன் பிறந்தார், பெயர் ஜோசஃபி. தகப்பன் ஊரைவிட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை. 1953இலும் 1955இலும் கனடா அரசாங்கம் இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்களைச் சுமார் 2,000 கிலோமீற்றர் வடக்கே கொண்டுபோய் இறக்கியது. அங்கே வேட்டை நல்லாக இருக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பலாம் என்று சொன்னார்கள். அந்தச் சொல் காப்பாற்றப்படவில்லை. 1955இல் போன குடும்பங்களில் ஜோசஃபியின் குடும்பமும் ஒன்று. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2010இல். ஜோசஃபியின் மகள் மார்த்தாவின் கதையைத் தேசியத் திரைப்பட வாரியமே 2008இல் 'மார்த்தா ஒஃப் த நோர்த்' என்று படமாக்கியது. நாலு தலைமுறைக்கு முதல் ஒரு சிகரெட்டில் எரிந்த ஃபிலிமுக்காகக் கண்ணீர் விடும் சேகரிப்பவர்கள் எனக்குத் தெரியும். ஜோசஃபியின் பெயர் அவர்களில் பலருக்குத் தெரியாது. எனக்கும் போன வருஷம்வரை தெரியாது.

'நஹானி'யும் அப்படித்தான். 'தனி மனிதன், ஆளில்லாத ஆறு' என்று நான் பன்னிரண்டு தடவை பார்த்த அந்த ஆறு டெனே மக்களின் நிலம். அந்த நீர்வீழ்ச்சிக்கு அவர்களுடைய மொழியில் நைலிச்சோ என்று பெயர். வெர்ஜீனியா என்பது 1928இல் அங்கே போன ஓர் அமெரிக்கப் பயணி வைத்த தன் மகளின் பெயர். ஒரு குழந்தையின் பெயரை ஒரு நீர்வீழ்ச்சிக்கே வைக்க முடிந்திருக்கிறது. என் சுருளில் இருக்கும் குழந்தைக்கு அவளுடைய சொந்தப் பெயரைக்கூட யாரும் மூடியில் எழுதவில்லை.

பேர்ட்டன் ஹோம்ஸ் வழியில் வந்த அந்தப் பேச்சாளர்களை மனதில் வைத்திருக்கச் சொன்னேன் அல்லவா? கொடாக்ரோம் நெகட்டிவ் இல்லாத ஃபிலிம். கமெராவுக்குள் போன சுருளே ப்ரொஜெக்டரில் ஓடும். பலர் அந்த ஒரே மூலத்தைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோய் ஓட்டினார்கள். விளக்கம் முழுக்க அவர்களின் வாயில் இருந்தது. அவர் இறந்த அன்றைக்கு அந்தப் படத்தின் பாதி அழிந்துபோகும். 'வடக்கு, 3' என்று எழுதியவருக்கு அந்த ஊரின் பெயர் கட்டாயம் தெரிந்திருக்கும். ஒருவேளை அந்தச் சிறுமியின் பெயரும் தெரிந்திருக்கும். மண்டபத்தில் நின்று சொல்லியும் இருப்பார். பிக்சல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, மெட்டாடேட்டா போய்விட்டது.

இதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. சில வருஷத்துக்கு முதல் ஒரு இடத்தில் பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதுக்கு மாற்றும் வேலை செய்தேன். 'குறிப்புகள்' என்று ஒரு நிரல். ஒழுங்கான வடிவம் இல்லை, ஆளுக்கு ஆள் கண்டபடி எழுதியிருந்தார்கள். விட்டுவிடுவோம் என்று கூட்டத்தில் முடிவெடுத்தார்கள், நானும் தலையாட்டினேன். மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு வயதான ஊழியர் வந்து கேட்டா: "எந்த வாடிக்கையாளருக்குக் காது கேக்காது, ஆருக்கு மகனோடதான் கதைக்கவேணும் எண்டெல்லாம் அதிலதானே எழுதி வைச்சனாங்கள், அது எங்கை?" முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் வந்து சேர்ந்திருந்தன. அந்த மனிதர்கள் வந்து சேரவில்லை.

சேகரிப்பவர்களின் பட்டியல்களை இப்போது அந்தக் கண்ணோடு பாருங்கள். ஃபிலிம் அகலம், நீளம், நிறம், ஒலி, ஒட்டு எத்தனை, கீறல் எத்தனை, வினாகிரி மணம் உண்டா இல்லையா. எல்லாவற்றுக்கும் நிரல் உண்டு. 'இதில் இருப்பவர் யார், இது எந்த ஊர்' என்பதற்கு நிரல் இல்லை. நிரலே இல்லாவிட்டால் அது காலியாகக் கிடக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியப்போவதில்லை.

என் கருத்து இதுதான். இப்படிப்பட்ட சுருளை வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அந்த நிரலைத் திறக்க வேண்டும், அதை நிரப்ப ஒரு முயற்சியாவது செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் 'வரலாற்றைக் காப்பாற்றுகிறோம்' என்று சொல்லக் கூடாது. நாங்கள் காப்பாற்றுவது ஃபிலிமை மட்டும்தான்.

இதற்கு எதிராக மூன்று விஷயம் சொல்லுவார்கள். நானே என்னிடம் சொல்லிப் பார்த்தவை.

ஒன்று, "அந்தக் காலத்துப் படம், அப்படித்தான் இருக்கும்." சரி. 1922இல் ஃப்ளகர்ட்டி செய்ததை நான் மாற்ற முடியாது. ஆனால் இன்றைக்கு விற்பனைக் குறிப்பை எழுதுவது நான். 'ஆளில்லாத காடு' என்று இப்போது நான் எழுதினால் அது இந்தக் காலத்துப் பொய்.

இரண்டு, "எழுபது வருஷமாகிவிட்டது, இனி எப்படிக் கண்டுபிடிப்பது?" இதற்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. கனடாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பெயர் தெரியாத இனுயிட் மக்களின் பழைய புகைப்படங்கள் ஏராளமாக இருந்தன. ஒட்டாவாவில் படித்துக்கொண்டிருந்த இனுயிட் இளைஞர்களோடும் நுனவுட் அரசாங்கத்தோடும் சேர்ந்து 2002இல் 'ப்ரொஜெக்ட் நேமிங்' என்ற வேலையைத் தொடங்கினார்கள். இளைஞர்கள் டிஜிட்டல் படங்களை எடுத்துக்கொண்டு ஊர்களில் இருந்த மூத்தவர்களிடம் போனார்கள், பக்கத்தில் இருந்து பெயர்களைக் கேட்டு எழுதினார்கள். இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்த வேலை தொடர்கிறது. இதில் பாவித்த தொழில்நுட்பம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு திரை, ஒரு மூத்தவர், கேட்கத் தெரிந்த ஒரு இளையவர்.

மூன்றாவதுதான் கஷ்டமான கேள்வி. "அவர்கள் பெயர் வெளியில் வருவதை விரும்பாவிட்டால்?" அதுவும் சரிதான். பெயரைக் கண்டுபிடிப்பது வேறு, இணையத்தில் போடுவது வேறு. எது வெளியே போகலாம் என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அந்தக் குடும்பங்கள். காசு குடுத்துத் தகரப் பெட்டி வாங்கியதால் எனக்கு அந்த உரிமை வந்துவிடாது.

நான் செய்தது இதுதான். வெட்டவில்லை. வாங்க வந்தவருக்கு முடியாது என்று எழுதினேன். அவருக்குக் கோபம், எனக்கு அந்த மாதக் கிரெடிட் கார்ட் பில். நாலு சுருளையும் ஸ்கான் செய்வித்தேன். அந்த 48 விநாடியிலிருந்து 1,152 ஃப்ரேம். முகங்களும் கட்டடங்களும் தெளிவாகத் தெரியும் இருபதை மட்டும் தெரிந்தெடுத்தேன். பின்னணியில் ஒரு சின்னத் தேவாலயத்தின் கூரை, ஆற்றுக் கரையின் சரிவு. மக்கென்சி ஆற்றுப் பக்கம் என்று ஊகம், டெனே மக்கள் தெகோ, பெரிய ஆறு, என்று சொல்லும் ஆறு. அந்தப் பகுதியில் உள்ள பண்பாட்டு மையம் ஒன்றுக்கு எழுதினேன்: என்னிடம் இது இருக்கிறது, யாருக்கும் காட்டவில்லை, உங்களுக்கு வேண்டுமா?

நாலு மாதம் பதில் இல்லை. மறந்தும் போனேன். பிறகு ஒரு நாள் வேலை நேரத்தில் அழைப்பு. ஒரு பெண் மெதுவாகப் பேசினா. தேவாலயக் கூரையை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வலை பின்னும் பெண் எந்தக் குடும்பம் என்றும் தெரியும். சிறுமி விஷயத்தில் மட்டும் இரண்டு மூத்தவர்கள் இரண்டு பெயர் சொல்கிறார்கள், இன்னும் விவாதம் நடக்கிறதாம். "அந்த மீன் சட்டத்தைக் கட்டினவர் என்ர பாட்டாவாக இருக்கலாம்" என்ற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. வீடியோவை வெளியில் போட வேண்டாம் என்று கேட்டா. நான் சரி என்றேன். ஸ்கான் முழுவதையும் ஒரு ட்ரைவில் போட்டு அனுப்பினேன். மூலச் சுருளும் அவர்களிடம்தான் போகப்போகிறது. குளிர்சாதன அறை ஒழுங்காகும்வரை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

என் ஷீட்டில் இப்போது 'இருப்பவர்' என்று ஒரு நிரல் இருக்கிறது. அந்தச் சுருளுக்கு நேரே சிறுமியின் இரண்டு பெயர்களையும் எழுதியிருக்கிறேன், பக்கத்தில் 'உறுதி இல்லை' என்று. பெயர்களை இங்கே எழுத மாட்டேன், ஏன் என்று உங்களுக்குப் புரியும்.

'நஹானி'யை இன்னும் பார்க்கிறேனா? பார்க்கிறேன். போன சனிக்கிழமை பார்த்ததும் அதுதான். பழைய மயக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, படம் குறையவில்லை. முன்பு அந்த ஆறு எனக்கு நெடுஞ்சாலை 401இலிருந்து தப்பி ஓடும் இடம். இப்போது அது ஒருவருடைய ஊர். ஃபெய்லி படகைத் தள்ளும்போது, அந்தக் கரைகளில் மீன் காயவைத்தவர்கள் யார் என்று யோசித்துக்கொண்டு பார்க்கிறேன். தேத்தண்ணி நிற ஆறு அப்படியேதான் ஓடுகிறது.

ஒரு கடைசி விஷயம். அப்பா அன்றைக்குப் போகும்போது கேட்டார்: "எங்கட கலியாணக் கசெட் எங்கை கிடக்கு?" எங்கள் பேஸ்மன்ட்டில் ஒரு பெட்டி நிறைய விஎச்எஸ் கசெட்டுகள் இருக்கின்றன. மேலே 'கலியாணம்', 'ஊர் 1', 'ஊர் 2' என்று எழுதியிருக்கிறது. டிஜிட்டலாக மாற்றி மூன்று இடத்தில் பேக்கப் எடுத்து வைத்திருக்கிறேன், பெரிய வேலை செய்த நினைப்பில். 'ஊர் 2'ஐப் போட்டால், முற்றத்தில் நிற்கும் முப்பது பேரில் எனக்குத் தெரிந்தவர்கள் நாலு பேர். மிச்சப் பேரை அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு இந்த வருஷம் எழுபத்தியொன்று.

இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக நானும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறம். இதுவரை பதினேழு பெயர் எழுதியாச்சு. ஒரு மணித்தியாலக் கசெட்டில் இன்னும் ஒன்பதாவது நிமிஷத்தில்தான் நிற்கிறம், ஏனென்றால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை வருகிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், இந்த வார இறுதியில் ஒன்றை எடுத்துப் போடுங்கள். போஸ் பண்ணிவிட்டுக் கேளுங்கள்: ஆர் இது? எந்த ஊர்?

அடுத்த எபிசோட்டில் சந்திப்பம். பழைய டேப்புகளை எந்த ரெசொலூஷனில் ஸ்கான் செய்வது, எதற்குக் காசு வீண் என்று கேட்டவர்களுக்கு அதில் பதில் சொல்லுறன்.